கிணறு, கைபேசி, செய்மதி: யாழ்ப்பாணத்தில் இருந்தபடியே தொழில்நுட்ப ஒருங்கிணைவில் இறங்குவதற்கான முழுமையான வழிகாட்டி

யாழ்ப்பாணத்தில் கணினி படித்துவிட்டு நிற்கும் பிள்ளைகளிடம் அடுத்து என்ன என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்தான் வரும். கொழும்பில் ஒரு மென்பொருள் கம்பனி, இல்லாவிட்டால் வெளிநாடு. இரண்டிலும் பிழையில்லை. ஆனால் மூன்றாவது வழியொன்று தோட்டக் கிணற்றிலும், மீன் வாடியிலும், வீட்டுக் கூரையில் பூட்டியிருக்கும் சூரியத் தகட்டிலும் இருக்கிறது. அதில் எப்படி இறங்குவது என்பதைத்தான் படிப்படியாக எழுதுகிறேன். உயர்தரம் முடித்த மாணவர், மின்னியல் வேலை தெரிந்தவர், கைபேசி திருத்தும் கடை வைத்திருப்பவர், கொஞ்சம் நிரல் எழுதத் தெரிந்தவர் என யாரும் இதைத் தொடங்கலாம்.

தொழில்நுட்ப ஒருங்கிணைவு என்றால், தனித்தனியாக வளர்ந்த துறைகள் ஒரு பொருளில், ஒரு சேவையில் வந்து சேர்வது. பொருளியல் வரலாற்றாளர் நேதன் ரோசன்பர்க் 1963இல் அமெரிக்க இயந்திரக் கருவித் தொழிலைப் பற்றி எழுதிய கட்டுரையில் இதை விளக்கினார். துப்பாக்கி, தையல் இயந்திரம், சைக்கிள், மோட்டார் கார் நான்கும் வெவ்வேறு சந்தைக்கானவை. ஆனால் உலோகத்தைத் துல்லியமாக வெட்டுவது, துளைப்பது, தேய்ப்பது என்ற ஒரே கைவேலைதான் நான்கிலும் இருந்தது. துப்பாக்கித் தொழிற்சாலையில் பழகிய திறமை தையல் இயந்திரத்துக்கும், பிறகு சைக்கிளுக்கும், பிறகு காருக்கும் போனது. திறமையை ஒரு துறையிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோனவர்கள் முன்னேறினார்கள்.

இன்று அந்தப் பொதுக் கைவேலை எது? அளப்பது, அனுப்புவது, கணிப்பது, சொல்வது. இந்த நான்கும் சேரும் மூட்டுவாயில்தான் வாய்ப்பு இருக்கிறது. சிப் செய்வதில் தைவானோடு நாம் போட்டி போட முடியாது. மொழி மாதிரி செய்வதில் அமெரிக்காவோடும் முடியாது. ஆனால் கோப்பாய்க் கிணற்றையும் அந்தச் சிப்பையும் பொருத்துகிற வேலைக்குக் கோப்பாயில் நிற்கும் ஆள்தான் வேண்டும்.

படி 1: எவை மலிந்திருக்கின்றன என்று அறிந்துகொள்ளுங்கள்

முதலாவது, அளக்கும் கருவி. வைஃபையும் புளூடூத்தும் சேர்ந்த இ.எஸ்.பி. 32 போன்ற நுண்கட்டுப்படுத்திகள் (ஒரு சிப்புக்குள் அடங்கிய சின்னக் கணினிகள்) இன்று ஒரு மாணவனால் வாங்கக்கூடிய விலையில் கிடைக்கின்றன. வெப்பம், ஈரப்பதம், தூரம், மின்கடத்துதிறன் ஆகியவற்றை அளக்கும் சென்சர்களும் அப்படித்தான்.

இரண்டாவது, இணைப்பு. லோரா போன்ற நெடுந்தூர வானொலி இணைப்புகள் மிகக் குறைந்த மின்சாரத்தில் கிலோமீற்றர் கணக்கில் தகவல் அனுப்புகின்றன. 2025 யூலையில் ஸ்டார்லிங்க் இலங்கையில் சேவையைத் தொடங்கியது. நெடுந்தீவு போன்ற இடங்களில் இருந்து வேலை செய்ய நினைப்பவர்கள் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

மூன்றாவது, செய்மதிப் படங்கள். ஐரோப்பாவின் சென்டினல்-2 செய்மதிகள் எடுக்கும் படங்கள் இலவசம். ஐந்து நாளுக்கு ஒருமுறை அதே இடத்தைப் பார்க்கின்றன. பெரிய நாடுகளில் பயிர்க் கண்காணிப்பு வியாபாரமே இவற்றின் மேல்தான் நிற்கிறது. அதைப் பார்த்துவிட்டு இங்கேயும் செய்யலாம் என்று கிளம்புகிறவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். அந்தப் படத்தின் ஒரு புள்ளி 10 மீற்றருக்கு 10 மீற்றர், அதாவது 100 சதுர மீற்றர். எங்கள் ஒரு பரப்புக் காணி ஏறத்தாழ 253 சதுர மீற்றர். அப்படியென்றால் ஒரு பரப்பு வெங்காயம் செய்மதிக்கு இரண்டரைப் புள்ளிதான். அதிலும் வேலியோரப் பூவரசும் பக்கத்துக் காணி மரவள்ளியும் கலந்துவிடும். மாரி மழைக்காலத்தில் முகில் வேறு மறைக்கும். ஆகவே வன்னி வயலுக்குச் சரியாக வரும் வழி வலிகாமத்துத் தோட்டத்துக்கு வராது. இங்கே நிலத்தில் நின்று அளக்கத்தான் வேண்டும். செய்மதிப் படத்தை ஊர் முழுவதையும் ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

நான்காவது, தமிழ்ப் பேச்சு. 2022இல் ஓப்பன்ஏஐ வெளியிட்ட, பேச்சை எழுத்தாக்கும் விஸ்பர் மாதிரிக்குத் தமிழ் தெரியும். சென்னை ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த ஏஐ4பாரத் குழுவும் தமிழுக்கான பேச்சு, மொழிபெயர்ப்பு மாதிரிகளைத் திறந்த முறையில் வெளியிட்டிருக்கிறது. ஆனால் யாழ்ப்பாணப் பேச்சு அவற்றுக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை. அந்த இடைவெளியும் ஒரு வாய்ப்புத்தான். அதைப் படி 8இல் பார்க்கலாம்.

படி 2: காசு கொடுக்கக்கூடிய ஒரு பிரச்சினையைத் தெரிவுசெய்யுங்கள்

பெரும்பாலான முயற்சிகள் இந்தப் படியிலேயே வழிதவறுகின்றன. கையில் ஒரு கருவி இருக்கிறது, இதை எங்கே பூட்டலாம் என்று தேடுவது தலைகீழ் வழி. மருதனார்மடம் சந்தைக்கும், குருநகர் கரைக்கும், கமநல சேவை நிலையத்துக்கும் போய் ஆட்களோடு கதையுங்கள். மூன்று கேள்விகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பிரச்சினையால் யாருக்குக் காசு நட்டம்? அந்த நட்டம் ஆண்டுதோறும் திரும்ப வருகிறதா? ஒரு எண்ணை முன்கூட்டியே அறிந்தால் அந்த ஆள் தன் செய்கையை மாற்றுவாரா? மூன்றுக்கும் விடை கிடைக்காவிட்டால் அடுத்த பிரச்சினைக்குப் போய்விடுங்கள்.

கடல் பக்கத்தில் ஒரு பழைய பாடம் இருக்கிறது. 2015 தொடக்கத்தில் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை மீன் இறக்குமதியைத் தடைசெய்தது. சட்டவிரோத, பதிவில்லாத மீன்பிடியைக் கட்டுப்படுத்தவில்லை என்பதுதான் காரணம். பலநாள் படகுகளுக்குச் செய்மதிக் கண்காணிப்புக் கருவி பொருத்தியதும் சட்டத்தைத் திருத்தியதும் சேர்ந்து, 2016 நடுப்பகுதியில் தடை நீங்கியது. மீன், செய்மதி, சட்டம், ஏற்றுமதிப் பத்திரம் நான்கும் ஒரே சங்கிலியில் வந்துவிட்டன. எங்கள் குடாநாட்டு நண்டும் கடலட்டையும் ஏற்றுமதிக்குத்தான் போகின்றன. எங்கே பிடித்தது, எத்தனை மணிக்கு ஐஸில் வைத்தது, வழியில் பெட்டிக்குள் வெப்பம் என்ன என்ற பதிவை வாங்குபவர் கேட்கும் காலம் இது. வெப்பமானி ஒன்று, கைபேசி ஒன்று, ஒழுங்கான பதிவேடு ஒன்று சேர்ந்தால் ஒரு சேவை ஆகிவிடும்.

மின்சாரப் பக்கம் எழுவைதீவைப் பாருங்கள். காற்றாலை, சூரியத் தகடு, மின்கலம், டீசல் இயந்திரம் சேர்ந்த கலப்பு முறை அங்கே இருக்கிறது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் இந்திய நன்கொடையில் இதே வகைத் திட்டத்துக்கு 2024 மார்ச்சில் ஒப்பந்தம் ஆனது. இத்தகைய முறைகளைப் பராமரிக்க மின்னியலும் வலையமைப்பும் சேர்த்துத் தெரிந்த ஆட்கள் உள்ளூரில் தேவைப்படுவார்கள். 1979இல் மொடிகொன் கம்பனி உருவாக்கிய மொட்பஸ் நெறிமுறையைத்தான் (கருவிகள் தமக்குள் தகவல் பரிமாறும் விதிமுறை) இன்றும் பல சூரிய இன்வேர்ட்டர்கள் பேசுகின்றன. அதை வாசிக்கப் பழகுவது நல்ல முதலீடு.

இந்த வழிகாட்டிக்கு நான் எடுத்துக்கொள்வது கிணற்று நீரின் உப்பு. ஏனென்றால் மேலே சொன்ன மூன்று கேள்விக்கும் அது விடை சொல்கிறது.

குடாநாட்டின் நன்னீர் சுண்ணாம்புக் கல்லுக்குள், உப்பு நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. புத்தூருக்கு அருகே நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீர், ஆழத்தில் உப்பு என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் இருந்தால், அதற்குக் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் நன்னீர் நிற்கும் என்பது நிலநீரியலில் பழைய விதி. அதைத் திருப்பிப் பாருங்கள். மேல்மட்டம் 10 சென்ரிமீற்றர் நிரந்தரமாக இறங்கினால் அடியிலிருந்து உப்பு 4 மீற்றர் ஏறி வரும். நேரடிக் களத்தில் பாறையின் வெடிப்பும் குகையும் இந்தக் கணக்கை மாற்றும்தான். ஆனாலும் அதிகம் இறைத்தால் கிணறு ஏன் உவர்க்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் இல்லை.

படி 3: கருவி செய்வதற்கு முன் கையால் அளவுங்கள்

நீரில் உப்பு கூடினால் அது மின்சாரத்தைக் கடத்தும் திறனும் கூடும். ஆகவே கையில் பிடிக்கும் மின்கடத்துதிறன் மீற்றர் ஒன்று வாங்குங்கள். அதோடு மீற்றர் சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க, 1413 என்று போத்தலில் எழுதிய அளவுத்திருத்தக் கரைசலும் வேண்டும். ஒரே ஊரில் சில கிணறுகளைத் தெரிவுசெய்து, இறைப்புக்கு முன்னும் பின்னும் அளந்து, சாதாரணக் கொப்பியில் எழுதுங்கள். கிணற்றின் பெயர், திகதி, நேரம், நீர்மட்டம், நீரின் வெப்பம், கடத்துதிறன், அன்று எத்தனை மணித்தியாலம் மோட்டார் ஓடியது. இவ்வளவும் போதும்.

இந்த நாட்களில் தோட்டக்காரரோடு கதைப்பது கருவியை விட முக்கியம். உரும்பிராய்ப் பக்கம் ஒரு பெரியவரிடம் நான் கிணற்று நீரின் எண்களை விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "தம்பி, உந்தப் பெட்டி என்ன எண் சொல்லுதெண்டது எனக்குத் தேவையில்லை. இண்டைக்கு இறைக்கலாமோ, கூடாதோ? அதைச் சொல்லு." செய்யவேண்டிய பொருளின் முழு விவரக்குறிப்பும் அந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது. வரைபடம், வண்ணத் திரை, விழுக்காடு எல்லாம் பிறகு. "இறைக்கலாம் ஐயா, ஆனால் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம்" என்று சொல்லக்கூடிய ஒரு சேவையைத்தான் கட்டப்போகிறோம்.

அந்த விடையைச் சொல்ல எல்லைக் கோடு வேண்டும். உலக உணவு விவசாய நிறுவனத்தின் பாசன நீர் அட்டவணைப்படி, விளைச்சல் குறையாமல் தாங்கக்கூடிய கடத்துதிறன் வெங்காயத்துக்கு மீற்றருக்கு 0.8 டெசிசீமன், மிளகாய் வகைக்கு 1.0, பீற்றூட்டுக்கு 2.7. ஒரே கிணற்றுநீர் வெங்காயத்தை வாட்டும், பீற்றூட்டை ஒன்றும் செய்யாது. "எந்தப் பயிர் வைக்கலாம்" என்ற கேள்விக்கும் இதே எண்தான் விடை தருகிறது என்பதைக் கவனியுங்கள். இந்த எல்லைகள் மண்ணுக்கும் வடிகாலுக்கும் ஏற்ப மாறும். ஆகவே உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரோடு இருந்து உள்ளூர் எல்லையைத் தீர்மானியுங்கள்.

படி 4: அளக்கும் கருவியைச் செய்யுங்கள்

தேவையானவை: இ.எஸ்.பி. 32 பலகை, கடத்துதிறன் சென்சர், டி.எஸ். 18பி20 என்ற நீர்புகா வெப்ப சென்சர், நீர்மட்டம் அறிய அழுத்த சென்சர் அல்லது மீயொலித் தூர சென்சர், நீர்புகாப் பெட்டி. மீயொலி சென்சர் மலிவு. ஆனால் ஏறத்தாழ 20 சென்ரிமீற்றருக்குக் கிட்ட இருப்பதை அதனால் பார்க்க முடியாது. விடியற்காலையில் அதன் முகத்தில் பனித்துளி படிந்தால் பிழையான தூரம் காட்டும். கையில் காசு இருந்தால் அழுத்த சென்சருக்கே போங்கள்.

இப்போது வெப்ப சென்சர் எதற்கு என்று பார்ப்போம். நீரின் கடத்துதிறன் ஒரு பாகை வெப்பத்துக்கு ஏறத்தாழ 2 விழுக்காடு கூடும். உப்பு கூடாமலே எண் கூடும். அதனால் எல்லா அளவையும் 25 பாகை செல்சியஸுக்குத் திருப்பி எழுதுவது வழக்கம். அளந்த எண்ணை, 1 கூட்டல் 0.02 பெருக்கல் வெப்பவித்தியாசம் என்பதால் வகுக்க வேண்டும். உங்கள் கருவி 31 பாகையில் 0.90 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 6 பாகை. 0.90ஐ 1.12ஆல் வகுத்தால் 0.80. திருத்தாமல் விட்டிருந்தால் "வெங்காயத்துக்கு ஆகாது" என்று சொல்லியிருப்பீர்கள். திருத்தினால் எல்லைக் கோட்டில்தான் நிற்கிறது. சில நூறு ரூபா சென்சர் ஒன்று இல்லாததால் ஒருவர் ஒரு நாள் இறைப்பைத் தவறவிடுவார், அடுத்த நாள் உங்களை நம்பமாட்டார்.

கடத்துதிறன் சென்சரின் முனைகளுக்கு எந்நேரமும் நேரோட்ட மின்சாரம் கொடுத்து வைக்காதீர்கள். முனை அரித்துப்போகும், அளவும் வழுவும். அளக்கும் அந்தச் சில கணங்களுக்கு மட்டும் மின்சாரம் கொடுங்கள். இன்னொன்று, எங்கள் நீரின் சுண்ணாம்பு. வீட்டுக் கேத்திலின் அடியில் படியும் அதே வெள்ளைப் படிவு சென்சர் முனையிலும் படியும். மாதம் ஒருமுறை வினாகிரியில் ஊறவைத்து, கழுவி, 1413 கரைசலில் திரும்பச் சரிபார்க்க வேண்டும். இந்த வேலையை எந்தச் செயலியாலும் செய்ய முடியாது. ஒரு ஆள் போய்த்தான் செய்ய வேண்டும். உங்கள் வருமானத்தின் பெரும்பகுதி இங்கிருந்துதான் வரப்போகிறது என்பதால் இதைப் பாரமாக நினைக்காதீர்கள்.

பெட்டியைக் கிணற்றுக் கட்டில் நிழல் விழும் பக்கம் பூட்டுங்கள். வயரை அணிலும் எலியும் கடிக்கும், குழாய்க்குள் விடுங்கள். கடலோரக் கிராமமென்றால் மின்சுற்றுப் பலகைக்குப் பாதுகாப்புப் பூச்சு கட்டாயம்.

படி 5: மின்சாரக் கணக்கு

அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை கருவி விழித்து, 10 வினாடி வேலை செய்து, திரும்ப உறங்குகிறது. விழித்திருக்கும்போது சராசரி 120 மில்லிஅம்பியர் எடுக்கிறது என்று கொள்வோம். ஒரு நாளில் 48 தடவை. மொத்தம் 16 மில்லிஅம்பியர்-மணித்தியாலம். பரவாயில்லை, குறைவுதான்.

ஆனால் உறக்கத்தில் என்ன நடக்கிறது? சாதாரணப் பயிற்சிப் பலகைகளில் மின்னழுத்தச் சீராக்கியும், யூ.எஸ்.பி. சிப்பும், எப்போதும் எரியும் சின்ன விளக்கும் இருக்கின்றன. சிப் உறங்கினாலும் இவை உறங்குவதில்லை. பலகை உறக்கத்தில் 10 மில்லிஅம்பியர் எடுத்தால் நாளுக்கு 240. மொத்தம் 256. 2,500 மில்லிஅம்பியர்-மணித்தியாலக் கொள்ளளவுள்ள மின்கலம் பத்து நாளைக்குள் முடிந்துவிடும். உறக்க மின்னோட்டம் 0.1 மில்லிஅம்பியராகக் குறையும் பலகையைத் தெரிவுசெய்தால் நாளுக்கு மொத்தம் 18.4தான், அதே மின்கலம் நான்கு மாதத்துக்கு மேல் நிற்கும். நிரலில் ஒரு வரியும் மாறவில்லை, பலகை மட்டும்தான் மாறியது. வன்பொருளும் மென்பொருளும் தெரிந்த ஒரே ஆளால்தான் இந்தப் பிழையைக் கண்டுபிடிக்க முடியும். ஆகவே வாங்கும்போது உறக்க மின்னோட்டத்தை மல்ரிமீற்றரால் நீங்களே அளந்து பாருங்கள். விற்பவர் சொல்வதை நம்பி ஐம்பது பலகை வாங்கிவிடாதீர்கள்.

எங்கள் வெயிலுக்கு லிதியம்-இரும்பு-பொசுபேற்று மின்கலம் நல்லது. சாதாரண லிதியம்-அயன் மின்கலத்தை 45 பாகைக்கு மேல் மின்னேற்றுவது அதன் ஆயுளைக் கெடுக்கும். மூடிய பெட்டிக்குள் நண்பகலில் அந்த வெப்பம் இலகுவில் வந்துவிடும்.

படி 6: தகவலை அனுப்புங்கள்

கிணறு வீட்டு வளவுக்குள் என்றால் வைஃபை போதும். தோட்டம் தள்ளி இருந்தால் லோரா. குடாநாடு தட்டையான நிலம் என்பதால், எல்லாக் கருவியின் தகவலையும் வாங்கி இணையத்துக்கு அனுப்பும் நுழைவாயில் பெட்டியின் அன்ரெனாவை ஒரு தண்ணீர்த் தாங்கியின் மேல் பூட்டினால் நல்ல தூரம் கிடைக்கும். அடர்ந்த பனங்கூடலும் தென்னந்தோப்பும் குறுக்கே வந்தால் குறையும். ஆகவே பூட்டுமுன் நடந்து சோதியுங்கள். லோராவில் ஒரு தடவை அனுப்பக்கூடியது சில பத்து பைட்டுகள்தான். நீர்மட்டம், கடத்துதிறன், வெப்பம், மின்கல அளவு, ஒவ்வொன்றுக்கும் 2 பைட் வீதம் 8 பைட்டில் அடக்கிவிடலாம். எந்த அலைவரிசையைப் பாவிக்கலாம் என்பதைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் முதலே எழுத்தில் கேளுங்கள். இணையத்தில் கிடைக்கும் வெளிநாட்டு அலைவரிசைக் கருவியை அப்படியே வாங்கி இயக்குவது ஆபத்து.

ஒரே ஒரு தூரக் கிணறு மட்டும் என்றால் லோராவுக்குச் செலவழிக்காமல் 4ஜி தொகுதி ஒன்றைப் பூட்டிவிடுங்கள்.

படி 7: தகவலைச் சேமித்து, முடிவாக மாற்றுங்கள்

கருவிகளுக்கும் சேவையகத்துக்கும் இடையில் எம்.க்யூ.டி.டி. என்ற நெறிமுறையைப் பாவிக்கலாம். 1999இல் ஆண்டி ஸ்டான்போர்ட்-கிளார்க்கும் ஆர்லன் நிப்பரும் எண்ணெய்க் குழாய்களைச் செய்மதி வழியே கண்காணிக்க எழுதியது அது. இணைப்பு மெலிந்த இடத்துக்காகவே பிறந்ததால் எங்கள் வேலைக்குப் பொருந்துகிறது. அதில் ஒரு கருவி இறந்துபோனால் மற்றவர்களுக்கு அறிவிக்கும் வசதி உண்டு. ஆனால் உறங்கி விழிக்கும் கருவிக்கு அது சரிவராது. மூன்று தடவை தொடர்ந்து அளவு வராவிட்டால் உங்களுக்குக் குறுஞ்செய்தி வரும்படி நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

சேமிக்கும்போது திருத்திய எண்ணை மட்டும் வைக்காதீர்கள். மூல எண், வெப்பம், எந்த அளவுத்திருத்தம், எப்போது முனை கழுவியது, எல்லாம் இருக்கட்டும். பிறகொரு நாள் சூத்திரத்தை மாற்ற நேர்ந்தால் பழைய பதிவு முழுவதையும் திரும்பக் கணிக்கலாம். தொடக்கத்தில் செயற்கை நுண்ணறிவு தேவையே இல்லை. எல்லைக் கோட்டுக்கு மேலா கீழா, நேற்றைவிட ஏறுகிறதா இறங்குகிறதா என்ற இரண்டு கேள்விக்கு நாலு வரி நிரல் போதும். ஒரு முழு ஆண்டுப் பதிவு சேர்ந்த பிறகு, "இன்றைக்கு மூன்று மணித்தியாலம் இறைத்தால் நாளைக்கு என்ன ஆகும்" என்று கணிக்கும் மாதிரியைப் பழக்கலாம். அந்தப் பதிவு உங்களிடம்தான் இருக்கும். வெளியிலிருந்து எவ்வளவு பெரிய கம்பனி வந்தாலும் அதை ஒரு நாளில் உருவாக்க முடியாது.

படி 8: தமிழில், குரலில் சொல்லுங்கள்

தோட்டத்தில் மண் கையோடு நிற்பவர் திரையைத் தட்டமாட்டார். விடியற்காலை ஒரு தொலைபேசி அழைப்பு, அல்லது வாட்ஸ்அப்பில் குரல் செய்தி, அதுதான் சரி. "இன்றைக்கு வெங்காயத்துக்கு இறைக்கலாம்" போன்ற வாக்கியங்களை உள்ளூர்க் குரலில் பதிந்து, தேவையானதைச் சேர்த்து அனுப்பினாலே போதும். கேட்பவருக்குச் சொந்த ஊர்க் குரல் என்றால் நம்பிக்கை வரும்.

எதிர்த்திசை கடினம். "நேற்று நாலு பரப்புக்கும் இறைச்சனான்" என்று ஒருவர் சொல்வதைக் கணினி எழுத்தாக்க வேண்டும். பொது மாதிரிகள் "இறைச்சனான்" போன்ற வடிவங்களில் தடுமாறும். முழு மொழியையும் கற்பிக்க முயலாதீர்கள். தோட்ட வேலைக்குரிய சில நூறு சொற்கள், எண்கள், ஊர்ப்பெயர்கள், பயிர்ப்பெயர்கள். இவற்றைப் பல வயதினரின் குரலில், அவர்களின் எழுத்துமூலச் சம்மதத்தோடு பதிந்து, திறந்த மாதிரியொன்றை அதில் மேலும் பழக்குங்கள். எல்லோருடைய குரலையும் திறந்த முறையில் சேர்க்கும் மொசில்லாவின் கொமன் வொய்ஸ் திட்டத்துக்கும் எங்கள் ஆட்கள் குரல் கொடுத்தால் நல்லது. இங்கிருந்து போகும் ஒவ்வொரு பதிவும் நாளைய எல்லா மாதிரிகளுக்கும் எங்கள் பேச்சைக் கற்றுக்கொடுக்கும். 2005இலிருந்து ஈழத்து நூல்களை மின்வடிவில் சேர்த்துவரும் நூலகம் நிறுவனம் எழுத்துக்குச் செய்தது போன்ற பொறுமையான வேலை எங்கள் பேச்சுக்கும் வேண்டும். எனக்கு இதில் மிகுந்த அக்கறை உண்டு. யாழ்ப்பாணப் பேச்சைப் புரியாத சேவைகள் வந்தால் முதலில் வெளியே நிற்கப்போவது எங்கள் அம்மம்மாக்களும் அப்பப்பாக்களும்தான்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: பூச்சிமருந்து அளவை, உர அளவை செயற்கை நுண்ணறிவு தானாகச் சொல்ல விடாதீர்கள். அந்தக் கேள்வி வந்தால் விவசாயப் போதனாசிரியருக்கோ விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கோ வழிகாட்டும்படி அமைத்துவிடுங்கள்.

படி 9: யார் காசு தருவார்?

நாலு பரப்புத் தோட்டக்காரரிடம் கருவியின் முழு விலையைக் கேட்கக் கூடாது. அவருக்குக் கட்டுபடியாகாது. ஒரே குறிச்சியின் கிணறுகள் கீழே ஒரே நீரோடு தொடர்புள்ளவை. ஆகவே சில கிணற்றில் பூட்டி, கமக்காரர் அமைப்பு வழியாகப் பலர் பகிர்ந்து செலுத்தும் முறை நல்லது. பருவத்துக்கு ஒருமுறை, விளைச்சல் விற்றபின் செலுத்தலாம் என்றால் இன்னும் நல்லது.

அதே கருவிக்கு வேறு வாடிக்கையாளரும் உண்டு. குடிநீர் சுத்திகரித்து விற்பவர்கள், விடுதிகள், திருமண மண்டபங்கள். பிறகு, கனடாவிலும் இலண்டனிலும் இருக்கும் பிள்ளைகள். ஊரில் அம்மா தனியே இருக்கிறார், தாங்கியில் தண்ணீர் இருக்கிறதா, மோட்டார் வெறுமனே ஓடுகிறதா, சூரியத் தகடு சரியாக உற்பத்தி செய்கிறதா என்பதை அங்கிருந்து பார்க்க அவர்கள் மாதாமாதம் செலுத்துவார்கள். இந்த வருமானம் தோட்டக்காரருக்கான விலையைத் தாங்கிப்பிடிக்கும். உள்ளூரில் கைபேசியால் குறியீட்டைப் படமெடுத்துக் காசு செலுத்தும் லங்காகியூஆர் வழியாகச் சிறு தொகைகளைப் பெறலாம்.

விலை போடும்போது சென்சர் விலையை மட்டும் பார்க்காதீர்கள். மாதம் ஒருமுறை போய்க் கழுவிச் சரிபார்க்கும் ஆளின் நேரமும் பெற்றோலும்தான் பெரிய செலவு. ஆகவே வாடிக்கையாளர்களை ஊர் ஊராகத் திரட்டுங்கள். பருத்தித்துறையில் ஒன்று, காரைநகரில் ஒன்று, சாவகச்சேரியில் ஒன்று என்று தொடங்கினால் வீதியிலேயே லாபம் போய்விடும்.

படி 10: சட்டமும் அனுமதியும்

வியாபாரத்தைப் பிரதேச செயலகத்தில் பதியுங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை வாசியுங்கள். யாருடைய கிணறு, எப்போது வீட்டில் ஆள் இல்லை என்பதெல்லாம் உங்கள் பதிவில் தெரியும். அதைக் காப்பது உங்கள் கடமை. மின்வழி ஒப்பந்தங்களுக்கு 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல் சட்டம் இடம் தருகிறது. ட்ரோன் பறக்கவிட ஆசைப்பட்டால் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி வேண்டும். பலாலியில் விமான நிலையமும் இருப்பதால் வலிகாமத்தில் அதை முதல் வேலையாக எடுக்காமல் விடுவதே புத்தி.

படி 11: ஆட்களும் நாட்காட்டியும்

மூன்று பேர் போதும். மின்சுற்று தெரிந்தவர், நிரல் எழுதுபவர், தோட்டக்காரரோடு அவர் மொழியில் கதைக்கத் தெரிந்தவர். மூன்றாமவரை ஊழியராக வைக்காமல் பங்காளியாகச் சேருங்கள். கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய பீடங்களும், தொழிற்பயிற்சிக்கு இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் அருகருகே இருக்கின்றன. இறுதியாண்டு மாணவர்களுக்குச் செயல்திட்டத் தலைப்பு எப்போதும் தேவை. உங்கள் கிணற்றுப் பிரச்சினையை அவர்களிடம் கொண்டுபோங்கள். யாழ் ஐடி ஹப் நடத்தும் யாழ் கீக் சேலஞ்ச் போட்டி, எண்ணத்தை மற்றவர் முன் வைத்து அடி வாங்கிப் பழக நல்ல இடம்.

காலத்தைச் சரியாகப் பிடியுங்கள். வடகீழ் பருவமழை ஐப்பசியில் தொடங்கி மார்கழி வரை கிணறுகளை நிரப்பும். அதன் பிறகு மட்டம் இறங்கத் தொடங்கி, அடுத்த மழைக்கு முந்திய ஆவணி, புரட்டாதியில் உப்பு உச்சத்துக்கு வரும். கொப்பியோடு கிணறு கிணறாக அளக்கும் வேலையை அந்த வறண்ட மாதங்களில் தொடங்குங்கள். மழைக்காலத்தில் வெளி வேலை குறைவு, அப்போது கருவியைச் செய்து வீட்டுக் கிணற்றில் தொங்கவிட்டுச் சோதியுங்கள். தை பிறந்ததும் தோட்டத்தில் பூட்டுங்கள். அப்படிச் செய்தால் வெங்காயக்காரர் உங்களிடம் "இண்டைக்கு இறைக்கலாமோ" என்று கேட்கும் பங்குனி வெயிலுக்குள் அளவுத்திருத்தம் முடிந்த பெட்டியும், முந்திய கோடையின் பதிவும் இரண்டுமே கையில் இருக்கும்.